அவரையினப் பயிர்களின் வேர்ச்சிறுகணுக்களும் மண்வாழ் நுண்ணுயிர்களும்

பயிர்களுக்கு வேண்டிய போசணைப் பொருள்களுள் நம் கமக்காரர் மிகுதியாக விலைகொடுத்து வாங்குவது நைதரசனேயாகும். ஆயினும் வயலின் மேல் நிற்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசனே. நெல்லும் மிளகாயும் வெங்காயமும் அக்காற்றின் நடுவே நின்றும் அதனைத் தாமாக உட்கொள்ள வல்லனவல்ல. பயறு, உழுந்து, கௌபி, நிலக்கடலை, சோயா, போஞ்சி முதலிய அவரையினப் பயிர்களோ, வேரிற் சிறுகணுக்களை உண்டாக்கி, அவற்றுள் வாழும் பற்றீரியாக்களின் துணைகொண்டு காற்றிலுள்ள நைதரசனைத் தமக்கு உணவாக்கிக் கொள்கின்றன.

இவ்வுண்மை கமக்காரர் பலரும் கேட்டறிந்ததே. கேட்டறிந்ததனாலேயே ஒரு தவறும் நேர்கின்றது. பயறு விதைத்தவுடன் நிலம் தானே வளம் பெற்றுவிடும் என நம்பிவிடுகின்றோம். வேரைத் தோண்டிச் சிறுகணு உண்டாயிற்றா, உண்டானது வேலை செய்கின்றதா என்று பார்ப்பவர் மிகச் சிலர். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவெம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. யூரியா கிடையாத காலத்தில் அவரையினப் பயிர் எவ்வளவுக்குக் கைகொடுக்கும், எவ்வளவுக்குக் கைகொடாது என்பதைத் திட்டமாக அறிந்திருத்தல் எத்துணை அவசியம் என்பது அம்மாதங்களில் யாவருக்கும் விளங்கிற்று. சிறுகணு பயிரின் விதையோடு வருவதன்று. அது மண்ணிலுள்ள உயிர்களைப் பொறுத்தது. அவ்வுயிர்களின் நிலையோ கமக்காரரின் செய்கையைப் பொறுத்தது.

சிறுகணு உண்டாகும் முறை

ஜேர்மனியில் ஹெல்றீகெல், வில்பாத் என்னும் இருவர் ஓட்சையும் பட்டாணியையும் நைதரசனற்ற மணல் நிரம்பிய சாடிகளில் வளர்த்துப் பார்த்தனர். ஓட்சு, இட்ட நைதரசனின் அளவுக்கேற்ப வளர்ந்தது. பட்டாணியோ ஒரு சாடியிற் செழித்தது. வேறொரு சாடியில் வாடியது. மணலைச் சூடாக்கி உயிர்களை அழித்தபோது எல்லாச் சாடிகளிலும் வாடியது. அச்சாடிகளிலே தோட்டத்து மண்ணைக் கரைத்த நீரிற் சிறிதளவு ஊற்றியதும் வேரிற் சிறுகணுக்கள் தோன்றிப் பயிர் தேறிற்று. இதனை அவர்கள் 1886இல் அறிவித்தனர். 1888இல் ஒல்லாந்து நாட்டு அறிஞர் பெயரிங்க் சிறுகணுவிலிருந்து அப்பற்றீரியாவைப் பிரித்து வளர்த்துக் காட்டினார். மண் கரைத்த அந்நீர் கற்பித்த பாடமே இன்றும் நமக்கு வேண்டிய பாடம்: விதையும் மண்ணும் மாத்திரம் போதா, மண்ணில் உயிரும் இருத்தல் வேண்டும்.

முளைத்த பயிரின் இளவேர் சில பதார்த்தங்களை மண்ணிற் கசியவிடுகின்றது. அதனை ஓர் அழைப்பெனக் கொள்ளலாம். றைசோபியம் எனப்படும் பற்றீரியாக்களும் அவற்றின் இனத்தனவும் அவ்வழைப்பை உணர்ந்து வேரை நாடிவந்து, தாமும் ஒரு பதார்த்தத்தைச் சுரந்து மறுமொழி தருகின்றன. அம்மறுமொழி அப்பயிருக்குப் பொருந்துவதாயின், வேர்மயிரின் நுனி வளைந்து பற்றீரியாவைச் சுற்றிக்கொள்ளும். பின்னர் நூல் போன்றதொரு குழாய் வழியாகப் பற்றீரியாக்கள் வேரின் உட்பகுதியை அடைய, அங்குள்ள கலங்கள் பெருகிச் சிறுகணுவாகத் திரள்கின்றன. நிலக்கடலையிலோ வேர்மயிர் வழியாக அன்றி, கிளைவேர் வெளிப்படும் இடத்திலுள்ள வெடிப்பின் வழியாகப் பற்றீரியா நுழைகின்றது. விதைத்து ஏறக்குறைய இரண்டு கிழமைகளிற் சிறுகணுக்களைக் கண்ணாற் காணலாம்.

சிறுகணுவுள்ளே பற்றீரியா காற்று நைதரசனை அமோனியாவாக மாற்றிப் பயிருக்குக் கொடுக்கின்றது. பயிர் இலைகளில் ஆக்கிய வெல்லத்தைப் பற்றீரியாவுக்குக் கொடுக்கின்றது. இவ்வாறு இரு உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வதை ஒன்றியவாழ்வு என்பர். இதில் ஒரு நுட்பமுண்டு. நைதரசனை மாற்றும் நொதியம் ஒட்சிசன் மிகுந்தாற் கெட்டுவிடும். ஆனாற் பற்றீரியா சுவாசிப்பதற்கு ஒட்சிசன் வேண்டும். இதற்காகவே சிறுகணு, நம் குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒத்த ஒரு செந்நிறப் பொருளை ஆக்கி, ஒட்சிசனை அளவாகக் கொண்டுசேர்க்கின்றது. சிறுகணுவை நகத்தாற் கீறினால் உள்ளே சிவப்பாகத் தோன்றுவது இப்பொருளே. கமக்காரர் நினைவில் வைத்திருக்க வேண்டிய நிறமும் இதுவே.

மண்ணில் நடைபெறும் போட்டி

ஒவ்வோர் அவரையினப் பயிருக்கும் எல்லா இனப் பற்றீரியாவும் பொருந்துவதில்லை. பயறு, உழுந்து, கௌபி, நிலக்கடலை ஆகியன அதிகம் தெரிவு செய்யாதவை. வெப்பநாடுகளின் மண்ணில் இயல்பாகவுள்ள பற்றீரியாக்கள் பலவற்றோடு அவை கூடும். சோயாவோ கிழக்காசியாவிலிருந்து வந்த பயிர். முன்பு சோயா பயிரிடப்படாத நிலத்தில் அதற்கு உகந்த பற்றீரியா இருத்தல் அரிது. போஞ்சிக்கும் தனியான பற்றீரியா வேண்டும். அஃது இருந்தபோதும், நைதரசன் பதிப்பதிற் போஞ்சி அவரையினங்களுள் பின்தங்கிய பயிரே.

பொருந்திச் சிறுகணு உண்டாக்கிய பற்றீரியாக்கள் யாவும் வேலை செய்வன என்றும் கொள்ளலாகாது. சில வெல்லத்தை வாங்கிக்கொண்டு நைதரசனைச் சிறிதளவே கொடுக்கும். சில ஒன்றுமே கொடா. இவை நம் மண்ணின் பழங்குடிகளாதலால் தொகையில் மிகுந்திருந்து, வேரில் இடம்பிடிப்பதில் நல்லனவற்றை முந்திவிடுகின்றன. பயிர் இதனை அறியாதிருப்பதுமில்லை. 2003இல் வெளியான சோயா ஆய்வொன்றில், சில சிறுகணுக்களைச் சூழ்ந்த காற்றிலிருந்து நைதரசன் நீக்கப்பட்டது. அவற்றுள் இருந்த பற்றீரியாக்கள் வேலை செய்ய இயலாது போகவே, பயிர் அச்சிறுகணுக்களுக்குச் செல்லும் ஒட்சிசனைக் குறைத்தது. உள்ளிருந்த பற்றீரியாக்களின் பெருக்கமும் குறைந்தது. உழைக்காத கூலியாளுக்குப் படியைக் குறைக்கும் கமக்காரரைப் போன்றே பயிரும் நடந்துகொள்கின்றது. எனினும் வேரிலுள்ள இடமெல்லாம் உழைக்காதனவற்றாலே நிரம்பிவிட்டாற் பயிர் என் செய்யும்?

மண்ணில் வேறு பகைகளும் உள. நுண்ணிய ஒருகல உயிர்கள் பற்றீரியாக்களைத் தின்று வாழ்கின்றன. கடும் வெயிலால் மேல்மண் சூடேறிக் காயும்போது பற்றீரியாக்கள் பெருந்தொகையாக மடிகின்றன. நெல்வயலில் மாதக்கணக்காக நீர் நின்றால் அவற்றின் தொகை குறையும், முற்றாக அழிந்துவிடுவதில்லை. பெரும்போக நெல்லை அறுத்தபின் எஞ்சிய ஈரத்தில் இடைப்போகப் பயறு விதைக்கும் கமக்காரர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். அவ்வயலில் வடிகால் வெட்டாது விதைத்தால், தேங்கிய நீரால் வேருக்குக் காற்றுக் கிடையாது. சிறுகணுக்கள் பிறந்தும் பயன்தாரா.

மலைநாட்டிலோ அமிலமே பகை. வெலிமடை, நுவரெலியாப் பக்கங்களில் அமிலத்தன்மை மிகுந்த தோட்டங்களிற் பற்றீரியாவும் குன்றும், வேர்மயிரும் குன்றும். மண்ணைப் பரிசோதித்து, வேண்டிய அளவு தொலமைற்று இடுதல் அங்கு சிறுகணுவுக்குச் செய்யும் முதலுதவியாகும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தின் செம்மண்ணுக்கு இம்முறை பொருந்தாது. அங்கு அமிலம் குறையன்று.

துணைநிற்கும் உயிர்கள்

பகைகள் இருப்பதுபோல் நண்பர்களும் இருக்கின்றனர். அவர்களுள் முதன்மையானவை வேரோடு கூடிவாழும் பங்கசுகள். இவை கண்ணுக்குத் தோன்றாத மெல்லிய இழைகளாக வேரிலிருந்து புறப்பட்டு, வேர்மயிர் எட்டாத இடங்களுக்கும் சென்று பொசுபரசைக் கொண்டுவருகின்றன. காற்று நைதரசனை மாற்றும் வேலைக்கு மிகுந்த சக்தி வேண்டும். பொசுபரசு இன்றிச் சக்தி கைமாறுவதில்லை. ஆகவே பொசுபரசு குறைந்த மண்ணிற் சிறுகணுக்கள் சிறுத்தும் அருகியும் காணப்படும். இப்பங்கசுக்கும் பற்றீரியாவுக்கும் பயிர் ஒரே வாயிலைத் திறக்கின்றது என்பது அண்மைக்காலத்தில் அறியப்பட்டதோர் உண்மை. பங்கசு நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாக நிலத்தாவரங்களோடு உறவு கொண்டது. மிகப் பிற்காலத்தில் வந்த றைசோபியம் அப்பழைய வாயிலின் வழியாகவே உள்நுழையக் கற்றுக்கொண்டது.

அடிக்கடி உழுது புரட்டப்படும் நிலத்திலும், நீண்டகாலம் பயிரின்றிக் கிடந்த நிலத்திலும், நீர் தேங்கிய நெல்வயலிலும் இப்பங்கசுகள் குறைந்துபோகின்றன. மண்ணிற் பிணைந்து கிடக்கும் பொசுபேற்றைக் கரைக்கவல்ல பற்றீரியாக்களும் உள. 1971இற் கண்டறியப்பட்ட எப்பாவலைப் பொசுபேற்றுப் பாறை எளிதிற் கரையாதது. ஆதலால் அதன் தூளைக் குறுகிய காலப் பயிராகிய பயறுக்கு இட்டுவிட்டு உடனே பயனை எதிர்பார்த்தல் கூடாது. எருவோடு சேர்த்து இடுவதும் நெடுங்காலப் பயிர்களுக்கு இடுவதும் அதற்கு ஏற்றன. அவரையினத்துக்கு ரீ.எஸ்.பி. எனப்படும் முச்சுப்பர் பொசுபேற்றை விதைப்பதற்கு முன் மண்ணிற் கலந்துவிடுதலே நேரான வழி.

வேரைச் சூழ வாழும் வேறு சில பற்றீரியாக்களைக் றைசோபியத்தோடு சேர்த்திட்டாற் சிறுகணுக்கள் பெருகும் எனச் சாடிகளில் நடத்திய சோதனைகள் பல காட்டியுள்ளன. வயலிலோ அப்பயன் ஓரிடத்தில் தோன்றும், ஓரிடத்தில் தோன்றாது. புட்டியில் அடைத்து விற்கப்படும் நுண்ணுயிர்த் திரவம் ஒவ்வொன்றும் எல்லா நிலத்துக்கும் மருந்தாகும் எனக் கூறுவோரை நம்பிப் பணம் செலவிடுமுன், அரை வயலில் இட்டு அரை வயலை விட்டு ஒப்புநோக்குதல் நன்று. பணம் செலவாகாது கிடைக்கும் சாணமும் குப்பையும் இலைதழையும் இட்ட மண்ணில் இவ்வுயிர்கள் தாமே பெருகுகின்றன.

யூரியா மிகுந்தால்

இனி, நம் கமக்காரரிடையே பெரிதும் காணப்படும் பிழையைக் கூறுவாம். மண்ணில் நைதரசன் மிகுந்திருந்தாற் பயிர் பற்றீரியாவை அழைப்பதைக் குறைத்துக்கொள்ளும். உண்டான சிறுகணுவுக்கும் வெல்லம் கொடுக்காது விடும். வாயிலில் உணவு குவிந்து கிடக்க, விலைகொடுத்து வேறிடத்தில் வாங்குவார் யார்? பயிர் பச்சைப்பசேலென நிற்பதைக் கண்டு கமக்காரர் மகிழ்வர். வேரிலோ சிறுகணு இராது. அவர் இட்ட யூரியாவின் அளவுக்குக் காற்றிலிருந்து இலவசமாக வரவிருந்த நைதரசன் வாராது நின்றுவிட்டது.

வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு முதலியவற்றுக்கு மிகுந்த பசளையும் எருவும் இட்ட தோட்டத்தில் அடுத்துப் பயறோ கௌபியோ விதைக்கும்போதும் இதே நிலை தோன்றும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டப் பகுதிகளிற் பல கிணறுகளின் நீரில் நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லையாகிய இலீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரை இறைக்கும்போது நைதரசனையும் சேர்த்தே இறைக்கின்றோம். அத்தகைய தோட்டத்தில் அவரையினப் பயிருக்கு மேலும் யூரியா இடுவது பயிருக்கும் கேடு, கிணற்றுக்கும் கேடு.

இதனால் யூரியா அறவே ஆகாது என்பதில்லை. விதையிலுள்ள உணவு தீர்ந்து, சிறுகணு வேலை தொடங்குமுன் உள்ள நாட்களில், நலிந்த மணற்பாங்கான நிலத்துப் பயிர் மஞ்சளாகி நிற்பதுண்டு. அக்காலத்துக்கென விதந்துரைக்கப்பட்ட சிறிய அடிக்கட்டுப் பசளை போதும். அதற்கு மேல் இடுவதாயின், முதலில் வேரைத் தோண்டிப் பார்த்தே இடவேண்டும்.

வேரைத் தோண்டிப் பார்த்தல்

பயிர் பூக்கத் தொடங்கும் நாட்களே இதற்கு ஏற்ற காலம். வயலின் பல இடங்களிலிருந்து பத்துச் செடிகளையேனும் தெரிந்தெடுக்க வேண்டும். செடியைப் பிடித்து இழுத்தாற் சிறுகணுக்கள் மண்ணிலேயே கழன்று நின்றுவிடும். ஆதலால் செடியைச் சுற்றி ஒரு சாண் அளவு விட்டு மண்வெட்டியால் மண்ணோடு கெல்லி எடுத்து, வாளி நீரில் ஊறவைத்து மெதுவாக அலசுதல் வேண்டும். பின்பு சிறுகணுக்களை நகத்தால் அல்லது கூரிய அலகால் இரண்டாகப் பிளந்து பார்க்கவும்.

ஆணிவேரின் மேற்பகுதியில் பருத்த சிறுகணுக்கள் திரண்டு, பிளந்தால் உள்ளே சிவந்திருக்குமாயின், பற்றீரியா நன்கு உழைக்கின்றது; மேற்கட்டாக யூரியா இடவேண்டியதில்லை. கிளைவேர்களெங்கும் சிறிய சிறுகணுக்கள் பரந்து, உள்ளே வெண்மையாக இருப்பின், அவை உழைக்காத இனத்தனவாகலாம். ஆனால் மிக இளம் பயிரிற் சிறுகணுக்கள் இன்னும் சிவக்காதிருத்தல் இயல்பாதலால், ஒரு கிழமை கழித்து மீண்டும் பார்த்தே முடிவு செய்க. பச்சையாகவோ கபிலமாகவோ இருப்பன வேலை முடித்தவை. காய் முற்றும் காலத்தில் அஃது இயல்பு. பூக்கும் காலத்திலேயே அவ்வாறாயின் வறட்சி, நீர்த்தேக்கம் அல்லது வேறு இடர் நேர்ந்துள்ளது. சிறுகணுவே இல்லையெனில், மண்ணிற் பற்றீரியா இல்லை அல்லது நைதரசன் மிகுந்துள்ளது. செடி மஞ்சளாயின் முன்னது. கரும்பச்சையாயின் பெரும்பாலும் பின்னது.

மரக்கறித் தோட்டக்காரர் ஈண்டு ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வேர்முடிச்சு வட்டப்புழு தாக்கிய வேரிலும் முடிச்சுகள் உண்டாகும். சிறுகணு வேரின் பக்கத்தில் ஒட்டியிருப்பது. விரலால் உரசினாற் கழன்று வரும். வட்டப்புழுவின் முடிச்சோ வேரே வீங்கியது. உரசினாற் கழலாது, வேரோடு அறும். உள்ளே சிவப்பும் இராது. இதனைச் சிறுகணுவென மயங்கி மகிழ்ந்து, அடுத்த போகத்தில் அதே பாத்தியிற் கத்தரியோ தக்காளியோ வெண்டியோ நட்டாற் பெருநட்டம் நேரும். ஐயமிருந்தால் வேரைப் பிடுங்கியபடியே விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.

விதையோடு பற்றீரியா சேர்த்தல்

உகந்த பற்றீரியா மண்ணில் இல்லாதவிடத்து அதனை விதையோடு சேர்த்துக் கொடுக்கலாம். எங்கு இது பயன்தரும் என்பதற்கு ஹவாய்த் தீவுகளில் நடத்தப்பட்டு 1991இல் வெளியான ஆய்வுகள் நல்ல வழிகாட்டி. ஒரு கிராம் மண்ணில் உகந்த பற்றீரியா 50 அளவில் இருந்தாலே, புதிதாகச் சேர்ப்பதால் விளைவு கூடுவது அரிது என அவை காட்டின. கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழும் ஒரு கிராம் மண்ணில் ஐம்பது என்பது எத்துணைச் சிறிய தொகை! ஆகவே புதிய நிலத்துச் சோயாவுக்கு இம்முறை இன்றியமையாதது. பயறும் கௌபியும் வழக்கமாகச் செய்யப்பட்ட நிலத்தில் அவற்றுக்குப் பெரும்பாலும் வேண்டுவதில்லை. கண்டியிலுள்ள தேசிய அடிப்படை ஆய்வு நிறுவகம் இத்தகைய பற்றீரியாக் கலவைகளை ஆராய்ந்து ஆக்கிய நிறுவனங்களுள் ஒன்று.

கலவை உயிருள்ளது என்பதை மறத்தலாகாது. வெயிலில் வைத்த பொதியிற் பற்றீரியா இறந்துபோகும். வெறும் தூளே எஞ்சும். பயிருக்குரிய இனமும் காலாவதித் திகதியும் பொதியிற் பார்த்து வாங்குக. ஆறிய அரிசிக் கஞ்சியால் அல்லது சர்க்கரைக் கரைசலால் விதையைச் சிறிது நனைத்து, நிழலிற் கலவையைப் புரட்டி, அன்றே ஈரமண்ணில் விதைத்து மூடிவிடுதல் வேண்டும். பங்கசுநாசினி பூசிய விதையோடு இதனைச் சேர்த்தாற் பற்றீரியாவும் மடியக்கூடும். பசளையோடு கலந்து வைத்தலும் ஆகாது. முன்பு சோயா விளைந்த வயலின் மண்ணை அள்ளிப் புதிய வயலில் தூவும் பழைய வழக்கமும் உண்டு. பயன் தருவதே, ஆனால் வட்டப்புழுவும் வேரழுகல் நோயும் அம்மண்ணோடு வந்துவிடும் என்பதால் அதனை விதந்துரைப்பதற்கில்லை.

அறுவடைக்குப் பின்

நிலம் வளம் பெறுமா என்பது அறுவடைக்குப் பின்னரே தீர்மானமாகின்றது. பயறு மணியில் நூற்றுக்கு ஏறக்குறைய 24 பங்கு புரதம். புரதத்தில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு நைதரசன். இக்கணக்கின்படி 1000 கிலோகிராம் பயறு மணி வயலைவிட்டுப் போகும்போது அதனோடு 38 கிலோகிராம் அளவு நைதரசனும் போகின்றது. அது 83 கிலோகிராம் யூரியாவிலுள்ள நைதரசனுக்குச் சமம். 50 கிலோகிராம் மூடையாக எண்ணினால் ஒன்றரை மூடைக்கு மேல். சிறுகணு நன்கு உழைத்திருந்தால் இதிற் பெரும்பங்கு காற்றிலிருந்து வந்தது. உழைக்காதிருந்தால் முழுவதும் நம் மண்ணிலிருந்தே போயிற்று. பயறு விதைத்த வயல், விதையாத வயலிலும் வறியதாகும்.

மணி போனபின் எஞ்சும் நைதரசன் இலையிலும் தண்டிலும் வேரிலும் உள்ளது. செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோய் அடித்து, சக்கையைக் களத்தோரத்தில் எரித்துவிட்டால் அதுவும் புகையாகப் போய்விடும். பயறையும் கௌபியையும் காயாக ஆய்ந்தெடுத்துச் செடியை வயலிலேயே உழுது மடிப்பது எளிது. சோயாவையும் உழுந்தையும் அடியில் அரிந்தெடுத்து, வேரை நிலத்தில் விட்டு, அடித்த சக்கையைத் திரும்ப வயலிற் பரப்பலாம். மாட்டுக்குத் தீனியாக இட்டாற் சாணமாகவேனும் திரும்பவேண்டும்.

இடைப்போகப் பயற்றுச் செடியைச் சிறுபோக நெல்லுக்காக மடிக்கும்போது, விதைப்புக்கு இரண்டு கிழமைக்கு முன்னரே மடித்து நீர்கட்டி அழுகவிட வேண்டும். பசுஞ்செடியை மடித்த மறுநாளே நெல் விதைத்தால், அழுகும்போது எழும் பொருள்கள் இளநாற்றைத் தாக்கும். மடித்தபின் நீர்கட்டாது நெடுநாள் காயவிட்டு, பின்னர் திடீரென நீர் பாய்ச்சினாலும், அதற்குள் நைத்திரேற்றாக மாறிய நைதரசனை நீரடியில் வாழும் வேறு பற்றீரியாக்கள் மீண்டும் காற்றிலேயே விட்டுவிடும். ஆகவே மடித்த வயலில் நீர் வற்றாது பார்த்து, நாற்றுத் தழைத்து இலையின் நிறத்தைக் கண்டபின், மேற்கட்டு யூரியாவை எவ்வளவு குறைக்கலாம் என்பதைப் போதனாசிரியரோடு ஆலோசித்து முடிவு செய்க.